வால்பாறைக் காட்டில் ஈப்புலி: கண்டுபிடிக்கவும் படமெடுக்கவும் ஒரு முழுமையான வழிகாட்டி

வால்பாறைக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் சிங்கவால் குரங்கையும் இருவாச்சியையும் தேடி அண்ணாந்தபடியே நடப்பார்கள். அதே பாதையோரத்தில், இடுப்பு உயர இலை ஒன்றின் நுனியில், அரிசி அளவு உருவம் ஒன்று தலையைத் திருப்பித் திருப்பி அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். அழகுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே பார்க்கும். தாவும் சிலந்தி, குதிக்கும் சிலந்தி, ஈப்புலி என்று பலவாறு சொல்லப்படும் இந்தக் குடும்பத்துக்கு அறிவியலில் சால்டிசிடே என்று பெயர். உலகில் இதுவரை 6,000க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டுள்ளன. சிலந்திகளில் இதைவிடப் பெரிய குடும்பம் வேறில்லை.

புதிதாகப் படமெடுக்க வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது லென்ஸைப் பற்றித்தான். லென்ஸ் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் நம்மைக் கண்டு பயப்படாத ஈப்புலியைக் கைபேசியிலேயே நன்றாக எடுத்துவிடலாம். பயந்துவிட்ட ஈப்புலியை லட்ச ரூபாய்க் கருவியாலும் எடுக்க முடியாது. அதனால் இந்த வழிகாட்டி கேமராவிலிருந்து தொடங்கவில்லை.

1. முதலில் ஆளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மற்ற சிலந்திகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது முகம். நெற்றி தட்டையாக, முகம் ஏறக்குறையச் சதுரமாக இருக்கும். முன்வரிசையில் நான்கு கண்கள். நடுவில் உள்ள இரண்டும் மிகப் பெரியவை. மீதி நான்கு தலையின் பக்கவாட்டிலும் பின்புறத்திலும் அமைந்திருக்கும். நடுக்கண்கள் உள்ளே நீளமான குழாய்கள். அவற்றின் வெளி லென்ஸ் அசையாது. குழாயின் அடியில் இருக்கும் விழித்திரையைத் தசைகள் இழுத்து நகர்த்துகின்றன. நேருக்கு நேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கண் சட்டென்று கருப்பிலிருந்து பழுப்புக்கோ பச்சைக்கோ மாறினால், உள்ளே விழித்திரை வேறு பக்கம் திரும்பிவிட்டது என்று பொருள். நுணுக்கமாகப் பார்ப்பது இந்த இரண்டின் வேலை. அசைவைக் கண்டுபிடிப்பது மற்றவற்றின் வேலை. அவை கிட்டத்தட்ட எல்லாத் திசையையும் காவல் காக்கின்றன. பின்பக்கமாகப் பதுங்கிப் போகலாம் என்ற எண்ணத்தை இப்போதே விட்டுவிடுங்கள்.

தூரத்தை இது அளக்கும் விதம் படக்காரர்களுக்குத் தனியாகப் பிடிக்கும். வீட்டுச் சுவர்களிலும் காணப்படும் ஹசாரியஸ் அடான்சோனி என்ற ஈப்புலியை வைத்து ஜப்பானிய ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2012இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தது. நடுக்கண்ணின் விழித்திரை நான்கு அடுக்குகளால் ஆனது. பச்சை ஒளி ஓர் அடுக்கில் தெளிவாக விழும்போது அடுத்த அடுக்கில் மங்கலாக விழுகிறது. எவ்வளவு மங்கல் என்பதை வைத்து இரை எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று சிலந்தி கணக்கிடுகிறது. சிவப்பு ஒளியில் மட்டும் விட்டுப் பார்த்தபோது கணக்குத் தவறி, இரைக்கு முன்னாலேயே விழுந்தது. நாம் அழித்துத் தள்ளும் மங்கலான பிம்பம்தான் இதற்கு அளவுகோல்.

தாவுவதற்கும் பெரிய தொடைத் தசை கிடையாது. உடலுக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தைச் சட்டென்று கூட்டி, கால்களை நீட்டி எழும்புகிறது. கிளம்பும் முன் நூலின் ஒரு முனையை இலையில் ஒட்டிவிட்டுத்தான் கிளம்பும். தவறி விழுந்தாலும் அந்த நூலைப் பிடித்து மேலே வந்துவிடும். இதை நினைவில் வையுங்கள், பிறகு உதவும். இரை பிடிக்கப் பொதுவாக வலை பின்னுவதில்லை. ஆனால் இரவு தங்கவும் முட்டையிடவும் இலையில் வெள்ளைப் பட்டுப் பை ஒன்று கட்டிக்கொள்ளும் இனங்கள் பல உண்டு.

2. எங்கே போவது, எப்போது போவது

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறைப் பீடபூமி. தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே துண்டு துண்டாக மழைக்காடு மிஞ்சியிருக்கிறது. சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம். காப்பகத்துக்குள் நினைத்த இடத்தில் இறங்கி நடக்க முடியாது, நடக்கவும் கூடாது. காட்டுத் துண்டுகள் சில தனியார் தோட்டங்களுக்கு உள்ளே இருப்பதால் அங்கும் முன்அனுமதி வேண்டும். இதைக் கேட்டுச் சோர்ந்துபோக வேண்டாம். ஈப்புலிக்கு அடர்காட்டின் நடுப்பகுதியைவிட அதன் ஓரம்தான் பிடித்த இடம். வெயிலும் நிழலும் கலந்து விழும் பாதையோரச் செடி, தங்கும் விடுதியின் வேலி, உண்ணிச்செடிப் புதர், காட்டை ஒட்டிய பாலத்தின் கைப்பிடிச் சுவர் என எல்லாம் வேட்டைக்களம்தான். மருந்தடித்த தேயிலையில் நேரத்தைச் செலவிடாதீர்கள். மர நிழலில் வளரும் காப்பித் தோட்டத்தின் ஓரம் அதைவிட எத்தனையோ மேல்.

தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் 40 பாதைகளோடு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் இணையம் வழியே பதிவுசெய்து, உள்ளூர் வழிகாட்டியோடு காட்டுக்குள் நடக்கலாம். காட்டை அறிந்துகொள்ள நல்ல வழி அது. ஆனால் குழுவாகப் போகும்போது ஓர் இலை முன்னால் அரை மணி நேரம் நிற்க யாரும் விடமாட்டார்கள். படத்துக்காக மட்டும் போவதானால் விடுதி வளாகமும் அனுமதி பெற்ற தோட்ட ஓரமும் போதும்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை வால்பாறையை நனைத்துத் தள்ளும். அப்போது அட்டைகளுக்குத்தான் கொண்டாட்டம். மழை ஓய்ந்து, பூச்சிகள் பெருகியிருக்கும் அக்டோபருக்குப் பிந்தைய மாதங்கள் வசதியானவை. நாளில் காலை 8 மணி முதல் 11 மணி வரை நல்ல நேரம். வெயில் ஏறத் தொடங்கும்போது இலையின் மேல்புறம் வந்து உடலைச் சூடேற்றிக்கொள்ளும். வேகம் இன்னும் முழுதாக வந்திருக்காது. உச்சி வெயிலில் இலையின் அடிப்புறம் போய்விடும். தலைவிளக்கோடு இரவில் தேடும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு சொல்: ஓநாய்ச் சிலந்தியின் கண்கள் விளக்கொளியில் மினுங்கும், ஈப்புலியின் கண்கள் அப்படி மினுங்குவதில்லை. இது பகல் வேட்டைக்காரன்.

3. கண்ணைப் பழக்குவது

உருவத்தைத் தேடினால் கிடைக்காது, நடையைத் தேடுங்கள். நாலு எட்டு ஓட்டம், ஒரு நிறுத்தம், தலையை மட்டும் ஒரு வெட்டு, மறுபடி ஓட்டம். ஈயும் எறும்பும் இப்படி நகர்வதில்லை. பாதையோரச் செடி ஒன்றின் முன் நின்று, எந்த இலையையும் குறிப்பாகப் பார்க்காமல், முழுச் செடியையும் ஒருசேரப் பார்த்துக்கொண்டிருங்கள். முதல் ஓரிரு நிமிடம் ஒன்றும் தெரியாது. பிறகு வெறும் இலை என்று நினைத்த இடத்தில் இரண்டு மூன்று உருவங்கள் நடமாடத் தொடங்கும். அதுவரை நம்மைப் பார்த்து உறைந்து நின்றவை அவை.

அடுத்து இலையின் அடிப்புறம். குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராக மேல்நோக்கிப் பாருங்கள். எட்டுக் கால்களின் நிழல் இலை வழியே தெரியும். வெள்ளைப் பட்டுப் பை தெரிந்தால் பிரிக்காதீர்கள். உள்ளே தாய் முட்டைகளோடு இருக்கலாம்.

தொடக்கத்தில் ஆள் மாறாட்டம் நேரும். முன்னிரு கால்சோடிகளைப் பக்கவாட்டில் அகல விரித்துப் பூவில் காத்திருப்பது நண்டுச் சிலந்தி. காலெல்லாம் முள்முள்ளாக, செடியில் தாவித் திரிவது லின்க்ஸ் சிலந்தி. ஐயம் வந்தால் முகத்தைப் பாருங்கள்: நடுவில் இரண்டு பெரிய கண்கள் இல்லையென்றால் அது ஈப்புலி இல்லை.

மேற்குத் தொடர்ச்சி மலையில் உங்களுக்கு முதலில் கிடைக்கக்கூடியவை சில. டெலமோனியா டிமிடியாட்டா, ஒரு செ.மீ. அளவில் அகன்ற இலைகளின் மேல் இருக்கும். பெண்ணின் வெளிர்மஞ்சள் வயிற்றில் இரண்டு சிவந்த கோடுகள் ஓடும், ஆண் கரிய உடலில் வெள்ளைப் பட்டைகளோடு வேறு இனம் போலவே தோன்றும். ஹில்லஸ் செமிகுப்ரியஸ் தடித்த, மயிரடர்ந்த உடல். பெரியது என்பதால் புதியவர்களுக்கு ஏற்றது. ஃபின்டெல்லா விட்டாட்டா 5 மி.மீ. கூட வராது, வெயில் பட்டால் பட்டைகள் உலோகம்போல் மின்னும். சைலர் செமிகிளாக்கஸ் நீலமும் சிவப்புமாக இருக்கும், எறும்பு தின்னும், முன்கால்களைத் தூக்கி அசைத்துக்கொண்டே நடக்கும். இதைப் படமெடுக்கப் போனவர்கள் பொதுவாக மதியச் சாப்பாட்டை மறந்துவிடுவார்கள்.

இருக்கிற ஈப்புலிகளில் என்னை மிகவும் கவர்ந்தது மலை ஏறும் முன்பே கிடைக்கும். பொள்ளாச்சிப் பக்கத்து மாந்தோப்புகளில் முசுறு எறும்புகள் இலைகளைச் சேர்த்துத் தைத்த கூடுகளைப் பார்த்திருப்பீர்கள். அந்த வரிசையில் போகும் ஒன்று மட்டும் கொஞ்சம் தயங்கித் தயங்கி நடந்தால் நின்று பாருங்கள். கால்களை எண்ணுங்கள். எட்டு இருந்தால் அது மிர்மபிளாட்டா பிளாட்டலியாய்டெஸ் என்ற வேடதாரி. முன்கால் இரண்டையும் தூக்கி எறும்பின் உணர்கொம்புபோல் ஆட்டிக் காட்டும். ஆணுக்குத் தாடைகள் அளவுக்கு மீறி நீண்டிருக்கும், ஓர் எறும்பு இன்னோர் எறும்பைத் தூக்கிப் போவது போன்ற தோற்றம். இதில் ஒன்றைத் தொட்டுப் பார்த்தால் நூல்விட்டுக் கீழே தொங்கும். முசுறைத் தொட்டால் என்ன ஆகும் என்பதைத் தோப்புக்காரர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேடதாரி போர்ஷியா. பார்த்தால் வலையில் சிக்கிய சருகுத் துணுக்குதான். வேறு சிலந்தியின் வலைக்குள் புகுந்து, இரை மாட்டிக்கொண்டதுபோல் நூலை மீட்டி, ஓடிவரும் வீட்டுக்காரச் சிலந்தியைத் தின்னும். பழைய வலைகளில் தொங்கும் குப்பையை இனி இரண்டு முறை பார்ப்பீர்கள்.

4. கருவிகள்

கைபேசியோடு கவ்வவைக்கும் மேக்ரோ லென்ஸ் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. பெரிய ஹில்லஸுக்கு அது போதும். ஆனால் சிலந்திக்கு ஓரிரு அங்குலம் வரை போக வேண்டியிருக்கும், வெளிச்சத்தை நம் கையே மறைத்துவிடும்.

மாற்று லென்ஸ் கேமரா இருந்தால் 90 முதல் 105 மி.மீ. வரையுள்ள 1:1 மேக்ரோ லென்ஸ் நல்லது. 1:1 என்றால் 5 மி.மீ. சிலந்தி, கேமராவின் உணரியிலும் 5 மி.மீ.தான் விழும். ஏ.பி.எஸ்.-சி உணரியின் அகலம் ஏறக்குறைய 23.5 மி.மீ. என்பதால் படத்தின் ஐந்தில் ஒரு பங்குதான் சிலந்தி. இன்னும் நெருங்க ரேநாக்ஸ் டிசிஆர் 250 போன்ற முன்னொட்டு லென்ஸோ நீட்டிப்புக் குழாயோ சேர்க்கலாம். அதிகம் செலவிட விரும்பாதவர்கள், கேமராவோடு வந்த 18–55 லென்ஸைத் திருப்பிப் பொருத்தும் வளையம் வாங்கலாம். கற்றுக்கொள்ள அது கடுமையான ஆசிரியர், ஆனால் விலை குறைவு.

லென்ஸைவிட முக்கியம் ஒளிப்பரப்பி. ஃபிளாஷை அப்படியே அடித்தால் சிலந்தியின் பளபளப்பான உடலில் வெள்ளைத் திட்டுகள் விழும். வெண்ணெய்த் தாளையும் வெள்ளை நுரைத்தாளையும் வளைத்து ஃபிளாஷுக்கும் சிலந்திக்கும் நடுவே பெரிய கூரைபோல் கட்டுங்கள். அந்த நடுக்கண்களில் நீங்கள் கட்டியதன் வடிவம் அப்படியே பிரதிபலிக்கும். கோணல்மாணலாகக் கட்டினால் கோணல்மாணலாகத் தெரியும். முக்காலி வேண்டாம். அதை விரித்து முடிப்பதற்குள் சிலந்தி மூன்றாம் செடிக்குப் போயிருக்கும்.

5. கேமரா அமைப்பு

மேனுவல் முறை. ஷட்டர் 1/160 அல்லது 1/200. துளை எஃப் 11. ஐ.எஸ்.ஓ. 200 முதல் 400. ஃபிளாஷ் திறனை 1/8இல் தொடங்கி, படத்தைப் பார்த்து ஏற்றி இறக்குங்கள். துளையை எஃப் 22 வரை சுருக்கினால் எல்லாம் தெளிவாக விழும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் ஒளியின் விளிம்பு விளைவால் மொத்தப் படமும் மழுங்கும்.

1:1 உருப்பெருக்கத்தில் எஃப் 11இல்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான். அதனால் தானியங்கிக் குவியத்தை அணைத்துவிடுங்கள். உருப்பெருக்கத்தை முதலில் தீர்மானித்து, குவிய வளையத்தை அங்கேயே விட்டுவிட்டு, உங்கள் உடலை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து நடுக்கண்கள் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். நடுக்கண்கள் தெளிவாக இருந்தால் மற்றது மங்கலானாலும் படம் நிற்கும்.

6. நெருங்குவது

இந்தப் படிதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது.

சிலந்தியைக் கண்டதும் கேமராவைத் தூக்காதீர்கள். ஒரு மீட்டர் தள்ளி நின்று கொஞ்ச நேரம் அது உங்களைப் பார்க்கட்டும். உங்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினால், உங்களால் ஆபத்தில்லை என்று முடிவுசெய்துவிட்டது. இலையின் மறுபுறம் ஓடினால் இன்னும் முடிவாகவில்லை. துரத்தாமல் அங்கேயே நில்லுங்கள். பெரும்பாலும் ஓரத்தில் முகம் மட்டும் நீட்டி எட்டிப் பார்க்கும். அந்த எட்டிப் பார்ப்பதே நல்ல படம்.

நெருங்கும்போது கைகளை அகல விரிக்காமல், கேமராவை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, ஒரே உருவமாக நேர்கோட்டில் போங்கள். பக்கவாட்டில் ஓர் அசைவு நேர்ந்தாலும் அதன் ஓரக்கண்கள் பிடித்துவிடும். உங்கள் நிழல் அதன்மேல் விழக் கூடாது. செடியின் வேறொரு கிளையில் பையோ முழங்கையோ பட்டால் இலை அதிரும், ஆட்டம் முடிந்தது. மூச்சுக்காற்றும் அப்படித்தான், அருகில் போனபின் மூக்கால் மெல்ல விடுங்கள்.

பக்கத்தில் போனதும் இடக்கையின் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இலைக்காம்பையோ சிறுகிளையையோ மெதுவாகப் பிடியுங்கள். லென்ஸின் முன்பகுதியை அதே இடக்கையின் மேல் சாய்த்துவையுங்கள். இப்போது காற்றில் இலை ஆடினாலும் கேமராவும் சேர்ந்தே ஆடும், குவியம் மாறாது. முக்காலி செய்யாத வேலையை இந்தப் பிடி செய்யும். கையில் கொசு விரட்டி மருந்து பூசியிருந்தால் இலையைத் தொடும் முன் துடைத்துவிடுங்கள். சில மருந்துகள் கேமராவின் பிளாஸ்டிக்கையும் அரிக்கும்.

மேலிருந்து எடுத்தால் அது வெறும் பூச்சிப் படம். முழங்கால் மடக்கி, சிலந்தியின் கண்மட்டத்துக்கு லென்ஸை இறக்குங்கள். முகத்தைக் காட்ட மறுத்தால், நீங்கள் விரும்பும் திசையில் சற்றுத் தள்ளி ஒரு விரலை லேசாக அசையுங்கள். ஓரக்கண் பிடித்துவிடும், அடுத்த கணம் முழுத் தலையும் அங்கே திரும்பும். இதை இரண்டு மூன்று முறைக்கு மேல் செய்தால் சலித்துப்போய் இடத்தைக் காலிசெய்துவிடும்.

சில சமயம் லென்ஸ் மேலேயே தாவி ஏறிவிடும். பதற வேண்டாம், ஊதவும் வேண்டாம். லென்ஸை ஒரு இலைக்கு அருகே கொண்டுபோனால் தானே இறங்கிவிடும். இலையிலிருந்து தவறி விழுந்ததாகத் தெரிந்தாலும் அடுத்த செடிக்கு ஓடாதீர்கள். முன்பே ஒட்டிவைத்த நூலில் ஏறி, பெரும்பாலும் அதே இலைக்கு வந்துசேரும்.

ஈயைப் பிடித்துத் தின்றுகொண்டிருக்கும் சிலந்தி கிடைத்தால் அன்று உங்கள் நாள். வாய்க்கு வேலை இருக்கும்வரை அதிகம் நகராது. முகம், பக்கம், முதுகு என்று நிதானமாக எடுக்கலாம். அசையாமல் இருக்கும்போது குவியத்தைத் துளித்துளியாக நகர்த்தி ஐந்தாறு படம் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றாக இணைக்கலாம். ஓடித் திரியும் சிலந்தியிடம் அந்த வேலை நடக்காது.

சிலந்தியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்து மரக்கச்செய்து, பூவின் மேல் வைத்து எடுக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்தப் படங்களைக் கொஞ்ச நாள் பார்த்துப் பழகினால் கண்டுபிடித்துவிடலாம்: கால்கள் உடலோடு ஒடுங்கி, நிற்கும் விதத்தில் உயிர் இருக்காது. சிலந்திக்குக் கொடுமை என்பது ஒருபுறமிருக்க, படமும் மட்டம்.

7. உங்கள் முதுகுக்குப் பின்னால்

மேக்ரோ எடுக்கிறவருக்கு உலகம் ஒரு செ.மீ. அகலம்தான். வால்பாறையில் அது ஆபத்து. யானையும் காட்டுமாடும் தோட்டப் பாதையில் ஓசையில்லாமல் வந்துவிடும். தனியாகப் போகாதீர்கள்; ஒருவர் குனிந்திருக்கும்போது மற்றவர் நிமிர்ந்து நிற்க வேண்டும். யானை அருகில் இருப்பதை எச்சரிக்கும் சிவப்பு விளக்குகள் பல இடங்களில் உண்டு. எரிந்தால் அந்தப் பக்கம் போகவே வேண்டாம். தோட்டத் தொழிலாளர்கள் “அங்க வேண்டாங்க” என்று சொன்னால் காரணம் கேட்காமல் திரும்புங்கள்.

இலையைத் தொடும் முன் அதன் மேல், கீழ், பின்புறம் மூன்றையும் பாருங்கள். பச்சை நிறக் குழிவிரியன்கள் பாதையோரக் கிளைகளில் நாள்கணக்கில் அசையாமல் கிடக்கும். தொட்டால் எரியும் செந்தட்டியை முதலிலேயே யாரிடமாவது காட்டச் சொல்லித் தெரிந்துகொள்ளுங்கள். அட்டைக்கு நெருக்கமாகப் பின்னிய நீளக் காலுறை போதும். ஈப்புலியைப் பற்றிப் பயம் வேண்டாம். அது மனிதரைக் கடிப்பது அரிது, கடித்தாலும் பெரிய தீங்கில்லை.

கேமராவுக்கும் ஒரு ஆபத்து உண்டு. குளிரூட்டிய காரிலிருந்து இறங்கியதும் பையைத் திறந்தால் லென்ஸ் முழுக்க நீர் படியும். அரை மணி நேரம் மூடிய பையிலேயே வெளிக்காற்றுக்குப் பழகட்டும். திரும்பியபின் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு உலர்வாக வையுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும்.

8. பெயர் கண்டுபிடிப்பது

அழகான முகப்படம் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பெயர் கேட்டால் நிபுணர்களாலும் சொல்ல முடியாது. முகம், முதுகின் வடிவங்கள் தெரியும்படி மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, செடியோடு சேர்த்துத் தள்ளி நின்று ஒன்று என்று நான்கு படமாவது எடுங்கள். முகத்தின் முன்னால் தொங்கும் இரண்டு சிறு உணர்கால்களின் நுனி பருத்திருந்தால் அது வளர்ந்த ஆண். குஞ்சுகளுக்குப் பெரியவற்றின் நிறம் இன்னும் வந்திருக்காது.

படங்களை நாள், இடம், செடியின் பெயர் ஆகியவற்றோடு ஐநேச்சுரலிஸ்ட் அல்லது இந்தியப் பல்லுயிர்த் தளத்தில் ஏற்றினால் விவரம் தெரிந்தவர்கள் உதவுவார்கள். பேரினம் வரைதான் சொல்ல முடியும் என்று பதில் வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். பல இனங்களைப் பிரித்தறிய இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்க்க வேண்டியிருக்கும். அதற்காக யாராவது சிலந்தியைப் பிடித்துவரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். காப்புக்காட்டிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுத்துவருவது குற்றம்.

மலைக்குப் போக இன்னும் மாதங்கள் இருக்கின்றன என்றால் வீட்டுச் சுவரிலேயே தொடங்கலாம். வெயில் படும் வெளிச்சுவரில் சாம்பல் நிற மெனமெரஸ் பைவிட்டாட்டஸ் ஈ பிடித்துக்கொண்டிருக்கும். உள்ளே, ஜன்னல் பக்கம், பிளெக்ஸிப்பஸ் பேகுல்லி. இரண்டும் மனித நடமாட்டத்துக்குப் பழகியவை, நம் தடுமாற்றங்களைப் பொறுத்துக்கொள்ளும். ஒட்டடைக் கம்பை மட்டும் அதுவரை கொஞ்சம் தள்ளி வையுங்கள்.